2.04க்குக் கிளம்பிட்டாங்க சார்

நம் கம்பெனியின் டைம் ஆபீஸில் இப்போது வேலை பார்க்கும் உங்கள் மூன்று பேருக்கும்,

நீங்கள் கொடுத்தனுப்பிய புத்தகத்தைப் படித்து முடித்துவிட்டேன். "ரிட்டயர் ஆயி ஊட்ல சும்மாத்தானே கீறீங்க மேடம், படிச்சிட்டு எங்க வாசிப்பு வட்டத்துக்கு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க" என்று கேட்டீர்கள். சும்மா இருக்கிறேன் என்று உங்களுக்கு யார் சொன்னது? இருந்தாலும் படித்தேன். மனைவியை அடித்தே கொன்ற ஒருவனைப் பற்றிய உண்மைச் சம்பவம். பட்டப்பகலில்தான் படித்தேன், அதுவும் வெளிக்கதவைத் தாழ் போட்டுவிட்டு.

எழுதியவர் நன்றாக எழுதியிருக்கிறார், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஓர் அத்தியாயம் முழுக்க, அவள் ஏன் முன்பே வெளியேறவில்லை என்று கேட்டுக்கொண்டே போகிறார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அந்தக் கோபம் அடங்குவதற்குள் வேறோர் இடம் வந்தது. கொலை நடந்த அன்று அவன் அவள் வேலை பார்த்த இடத்துக்குப் போன் செய்து, அவள் கிளம்பிவிட்டாள் என்று தெரிந்துகொள்கிறான். போகிற போக்கில் அரை வரி. போனை எடுத்தது யார், என்ன சொன்னார், அதற்குப் பிறகு அவருக்குத் தூக்கம் வந்ததா, ஒன்றுமே இல்லை. நீங்கள் மூன்று பேரும் அந்த வரியைத் தாண்டிப் போயிருப்பீர்கள். என்னால் தாண்ட முடியவில்லை. ஏனென்றால் அந்த மாதிரி ஒரு போனை இரண்டு வருடம் நான் எடுத்திருக்கிறேன்.

இதுவரை உங்களிடம் சொல்லாததை இப்போது சொல்கிறேன். ஆட்களின் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

கௌசல்யா நம் கம்பெனியில் காருக்கான வயர்க் கட்டுகளைச் சேர்க்கும் லைனில் இருந்தாள். ஊர் புதுவாயல். மூன்றாவது படிக்கும் பெண் குழந்தை. காலை ஆறு மணிக்கு உள்ளே, மதியம் இரண்டு மணிக்கு வெளியே. இரண்டேகாலுக்குக் கம்பெனி பஸ். சரியாக இரண்டு பத்துக்கு டைம் ஆபீஸ் போன் அடிக்கும். அவள் வீட்டுக்காரர். அவர் எலக்ட்ரிகல் வேலைகளைக் காண்டிராக்ட் எடுத்துச் செய்கிறவர்.

"மேடம், வணக்கம். சாப்டாச்சா? கௌசல்யா கிளம்பிட்டாளா மேடம்? லாரி போற ரோடு, அவ வந்து சேர்ற வரைக்கும் மனசு அட்ச்சிக்கினே கீது."

"2.04க்குக் கிளம்பிட்டாங்க சார்."

"ரொம்ப தேங்க்ஸ் மேடம்."

எவ்வளவு தன்மையான பேச்சு! என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தவரை நான் எத்தனை மணிக்கு வேலை முடித்தேன் என்று ஒருநாள் கேட்டதில்லை. சோறு எத்தனை மணிக்கு என்றுதான் கேட்டிருக்கிறார். எனக்குக் கௌசல்யாவைப் பார்த்தால் பொறாமையாகவே இருந்தது. "குட்த்து வெச்சவம்மா நீ" என்று நேரம் பதியும் பஞ்ச் மெஷின் பக்கத்தில் நின்று அவளைக் கிண்டல் செய்வேன். சிரிப்பாள். நம் யூனிஃபார்ம் கோட் முழுக்கை, கழுத்து வரை பட்டன். வெயில் காலத்தில் எல்லோரும் அதைத் திட்டுவார்கள். அவள் ஒருநாளும் திட்டியதில்லை. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். எனக்கு நிமிடத்தின் மேல் ஒரு திமிர் இருந்தது. யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எத்தனை மணிக்கு வெளியே போனார் என்று கேட்டால் திரையைப் பார்க்காமலே சொல்லுவேன். யார் எந்த வாரத்தில் என்ன லீவு போட்டார் என்பதும் மனப்பாடம். கௌசல்யா கிளம்பிட்டாளா என்று கேட்டவரிடம் 'ஆமாம்' என்றால் போதும். நான் நிமிடத்தோடு சொன்னேன். கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன்.

ஒருநாள் அவள் பஞ்ச் வைத்துவிட்டுத் தயங்கித் தயங்கி என் ஜன்னலுக்கு வந்தாள்.

"அக்கா, அவரு போன் பண்ணா டைம் சொல்லாதீங்கக்கா."

"ஏம்மா? எங்கனா சுத்திட்டுப் போலாம்னு பாக்கிறியா? டைம் ஆபீஸ்ல உக்காந்துக்கினு நான் பொய் சொல்ல மாட்டேன்."

"பொய் சொல்லச் சொல்லலக்கா. கிளம்பிட்டான்னு சொல்லுங்க. நிமிஷம் மட்டும் வாணாம்."

நான் என்ன செய்தேன் தெரியுமா? நல்ல புருஷனின் அருமை தெரியாதவள் என்று ஐந்து நிமிடம் அறிவுரை சொன்னேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லாம் கேட்டார்கள். அவள் தலையை ஆட்டிவிட்டுப் போய் பஸ்ஸில் ஏறினாள். அதற்குப் பிறகு அவள் என்னிடம் எதையும் கேட்கவில்லை. அந்த ஐந்து நிமிடத்தைத் திருப்பி எடுக்க முடியுமென்றால் என் சர்வீஸில் பாதியைக் கொடுத்துவிடுவேன்.

பிறகு அந்த நாள் வந்தது. மதியம் மூன்று ஐந்துக்குப் போன். வழக்கமான நேரம் இல்லை.

"மேடம், இன்னிக்கு கௌசல்யாவுக்கு ஓ.டி.ன்னு சொன்னா. எத்தினி மணி வரைக்கும் மேடம்?"

நான் யோசிக்கவே இல்லை. "ஓ.டி. இல்லையே சார். 2.04க்கே கிளம்பிட்டாங்களே."

அந்தப் பக்கம் லாரி போகும் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு, "ரொம்ப தேங்க்ஸ் மேடம்." எப்போதும் போல அதே தன்மையான குரல்.

பத்து நிமிடத்தில் லைன் லீடர் செல்வி ஏதோ கையெழுத்துக்காக வந்தாள். எந்த மேனேஜரிடமும் சண்டை போடக்கூடியவள். நான் விளையாட்டாகத்தான் சொன்னேன்: "உன் கௌசல்யா ஓ.டி.ன்னு சொல்லிட்டு எங்கியோ போயிருக்கா போல. அவ ஊட்டுக்காரு கேட்டாரு. இல்லையேன்னு சொல்லிட்டேன்."

செல்வியின் முகத்தில் ரத்தமே இல்லை.

"அய்யோ அக்கா. இன்னா சொன்னீங்க? எப்போ சொன்னீங்க?"

என் நாற்காலி பக்கத்தில் கீழே உட்கார்ந்தே சொன்னாள். கௌசல்யா பொன்னேரிக்கு ரூம் பார்க்கப் போயிருக்கிறாள். முன்பணம் கொடுத்து சாவி வாங்கிக்கொண்டு, நாலு பத்துக்குப் புதுவாயலில் பள்ளிக்கூடம் விடும்போது குழந்தையைக் கூட்டிக்கொண்டு அப்படியே போய்விடுவதாக ஏற்பாடு. வீட்டுக்குத் திரும்பப் போவதில்லை. ஒரு துணிப்பை செல்வி வீட்டில் இருக்கிறது. போன தடவை வீட்டை விட்டுப் போகிறேன் என்று அவள் வாய்விட்டுச் சொன்னபோது, அவன் அவள் கழுத்தில் அயர்ன் பாக்ஸ் வயரைச் சுற்றி, குழந்தை பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறுக்கியிருக்கிறான். "அடுத்த வாட்டி உடமாட்டேன்னு சொல்லிக்கீறான்க்கா. சொன்னா செய்வான்."

'அவர்' என்று எழுதிக்கொண்டு வந்தேன். இதற்கு மேல் எனக்கு அந்த மரியாதை வரவில்லை.

"அவளுக்குப் போன் போடு" என்றேன்.

"போன் லாக்கர்ல கீது. எங்க போனாலும் அந்தப் போன் அவனுக்குக் காட்டிக் குட்த்துரும். அதனால வெச்சிட்டுப் போயிருக்கா."

இரண்டு பேரும் லாக்கர் ரூமுக்கு ஓடினோம். ஷிஃப்ட் முடிந்து ஆளில்லாத அறை. வரிசையாகத் தகரக் கதவுகள். அதில் ஒன்று மட்டும் அதிர்ந்துகொண்டிருந்தது. நிற்கும், ஒரு மூச்சு விடும் நேரம் கழித்து மறுபடி அதிரும். நிற்கும், மறுபடி. அந்தத் தகரத்தின் சத்தம் இன்றைக்கும் எனக்குக் கேட்கிறது. செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மணி மூன்று இருபது. நான் ஆபீஸுக்குத் திரும்பி, சர்வீஸில் முதல் தடவையாகப் பொய் சொல்ல அவன் நம்பருக்குப் போன் போட்டேன்.

"சார், மன்னிச்சிருங்க. வேற கௌசல்யாவோட டைமைப் பார்த்துச் சொல்லிட்டேன். உங்க வீட்டம்மா லைன்லதான் இருக்காங்க. அஞ்சரை வரைக்கும் ஓ.டி."

"அப்படியா மேடம்? நல்லதாப் போச்சு. நான் உங்க கேட்டாண்டதான் கீறேன். அவளை ஒரு நிமிஷம் வரச் சொல்லுங்க, மூஞ்சியப் பாத்துட்டுப் போய்க்கினே இருக்கேன்."

பிள்ளைகளே, பயம் வந்தால் மூளை ஓடும் என்பார்கள். எனக்கு ஓடவில்லை, நின்றுவிட்டது. ரிசீவரை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போது ஒரே ஒரு விஷயம்தான் தெளிவாகத் தெரிந்தது. அவன் நம் கேட்டில் இருக்கும்வரை புதுவாயலில் இல்லை. அவனைத் துரத்தக் கூடாது. உட்கார வைக்க வேண்டும்.

செல்விக்கு வெளியே போகும் பாஸ் எழுதினேன். காரணம்: உடல்நிலை சரியில்லை. மெயின் கேட் வழியாகப் போனால் அவன் கண்ணில் படுவாள், அவனுக்கு அவளைத் தெரியும். சரக்கு வரும் பின் கேட்டில் பெட்டிகளை இறக்கிவிட்டு ஒரு மினி லாரி கிளம்பிக்கொண்டிருந்தது. சென்னைப் பக்கம் போகிற வண்டி, புதுவாயல் வழியாகத்தான் போக வேண்டும். "ஸ்கூல் வாசல்ல நில்லு. ரூமுக்குக் கூடப் போவாணாம், ரெண்டு பேரையும் நேரா பொன்னேரி மகளிர் போலீஸ் ஸ்டேஷனுக்கு இட்டுக்கினு போ. பஸ் ஏறுனதும் எனக்குப் போன் பண்ணு" என்றேன். அவள் டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டுத்தான் மெயின் கேட்டுக்குப் போனேன்.

பார்வையாளர் அறையில் அவனை முதல் தடவையாக நேரில் பார்த்தேன். அயர்ன் செய்த சட்டை, படிய வாரிய தலை. என்னைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டான். "மேடத்தோட குரலைத்தான் தெரியும்" என்று சிரித்தான்.

பொதுவாக நான் வேலையில் படு சுறுசுறுப்பு. அன்று நான் ஆமை. முதலில் பார்வையாளர் படிவம் என்றேன். நிரப்பிக் கொடுத்தான். ஆதார் நகல் என்றேன். நகல் எடுக்கும் மெஷின் சூடாகட்டும் என்றேன். லைனில் இருந்து ஆளை எடுக்க மேனேஜர் அனுமதி வேண்டும், அவர் மீட்டிங்கில் இருக்கிறார் என்றேன். நம் செக்யூரிட்டி பெரியவர் என் முகத்தை ஒரு பார்வை பார்த்தார். ஒன்றும் கேட்காமல் அவன் பைக் முன்னால் இரும்புத் தடுப்பை இழுத்துப் போட்டுவிட்டு, "வண்டி எடுக்கறப்போ சொல்லுங்க சார்" என்றார். டீ வரவழைத்தேன். எதிரில் உட்கார்ந்தேன்.

டீயைக் குடித்துக்கொண்டே அவன் பையிலிருந்து ஒரு சின்ன டைரியை எடுத்தான்.

"மேடம், நீங்க இல்லாட்டி எனக்கு ரொம்பப் பேஜாராப் போயிருக்கும். பாருங்க, எல்லாம் நீங்க சொன்னதுதான்."

கோடு போட்டு அழகாக எழுதியிருந்தான். தேதி. பக்கத்தில் நான் சொன்ன நிமிடம். அதற்குப் பக்கத்தில் அவள் வீட்டு வாசலில் கால் வைத்த நிமிடம். கடைசியில் வித்தியாசம். "பஸ்ஸு இருவது நிமிஷம், நடக்க அஞ்சு நிமிஷம். மீதி எங்க போச்சுன்னு நான் கேக்கணுமா வாணாமா, நீங்களே சொல்லுங்க மேடம்." சில தேதிகளைச் சிவப்பு மையால் சுழித்திருந்தான்.

அந்தச் சிவப்புத் தேதிகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். சொன்னேனே, எனக்கு எல்லோருடைய லீவும் மனப்பாடம் என்று. ஒவ்வொரு சிவப்புச் சுழிக்கும் மறுநாள் அவள் லீவு. காய்ச்சல். வழுக்கி விழுந்துட்டேன்க்கா. பல் வலி. குழந்தைக்கு உடம்பு சரியில்லை. எல்லாவற்றையும் நானே பதிவு செய்திருக்கிறேன். பஸ் டயர் பஞ்சர் ஆகி லேட்டானதாக நானே அறிவிப்புப் பலகையில் எழுதிய நாள்கூட அதில் சிவப்பாக இருந்தது. அவன் அடித்தான். எத்தனை அடி என்று முடிவு செய்ய நான் நிமிடம் கொடுத்தேன்.

நாலு இரண்டுக்கு அவன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான்.

"சரி மேடம், அவ வர லேட்டாவும் போலக்கீது. பாப்பாவுக்கு ஸ்கூல் உடற டைம். நான் போய் பாப்பாவை இட்டுக்கினு வந்துர்றேன். பாப்பா எங்கிட்ட இருந்தா அவளே தேடிக்கினு வருவா."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். இருபது நிமிடத்தில் புதுவாயலில் இருப்பான். அவர்கள் மூன்று பேரும் அந்நேரம் ஜங்ஷனில் பொன்னேரி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருப்பார்கள். செக்யூரிட்டி தடுப்பை நகர்த்த மாட்டேன் என்று எவ்வளவு நேரம் சொல்ல முடியும்? நான் கத்தினால் அவனுக்குப் புரிந்துவிடும்.

அவன் கை டைரியின் மேல் இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு வார்த்தை தானாக வந்தது.

"இருங்க சார். இவ்ளோ தூரம் வந்துட்டீங்க. இந்த ஒரு வருஷத்துக்கும் உள்ள, வெளிய, கேன்டீன் போனது எல்லாம் நிமிஷத்தோட சிஸ்டத்துல இருக்கு. பிரிண்ட் எடுத்துத் தரவா?"

அவன் நின்றான். கண் மாறியது. பசித்தவன் முன்னால் இலை போட்டது போல உட்கார்ந்தான். "தர முடியுமா மேடம்?"

"உங்களுக்கு இல்லாததா?"

பக்கத்து அறையில் இருக்கும் நம் ஆபீஸுக்குப் போய், ஒரு வருடத்தையும் கம்ப்யூட்டரில் தட்டினேன். நம் பழைய பிரிண்டரை நீங்கள் தினமும் திட்டுகிறீர்கள். அன்று அது ஒவ்வொரு வரியாக இழுத்து இழுத்து அடித்ததற்கு நான் கடவுளுக்கு நன்றி சொன்னேன். இரண்டு தடவை நானே பேப்பரைக் கோணலாக வைத்துச் சிக்க வைத்தேன். அவன் நடுவில் இருந்த கண்ணாடித் தடுப்பு வழியாக ஒவ்வொரு தாளும் விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். நாலு பத்து ஆனது. நாலு இருபது ஆனது. நாலு இருபத்திரண்டுக்குப் போன் அடித்தது.

"அக்கா, பஸ்ஸு ஏறிட்டோம். ரெண்டு பேரும் எங்கூடக் கீறாங்க." செல்வி அழுதுகொண்டிருந்தாள்.

"சரிங்க சார், ரிப்போர்ட்டை அனுப்பிடறேன்" என்று, மேனேஜரிடம் பேசுவது போல அவன் காதில் விழும்படி சொல்லிப் போனை வைத்தேன். அவர்கள் ஸ்டேஷன் போய்ச் சேர எனக்கு இன்னும் அரை மணி வேண்டியிருந்தது. மீதித் தாள்களும் அடிக்கட்டும் என்று நின்றேன். அந்த அரை மணி எப்படிப் போனது என்று என்னைக் கேட்காதீர்கள். செல்வி இரண்டாவது தடவை கூப்பிட்டு, உள்ளே போய்விட்டோம் என்று சொன்ன பிறகு, தாள்களை அடுக்கி என் டிராயரில் வைத்துப் பூட்டினேன். அவனிடம் போய்ச் சொன்னேன்:

"சார், இது கம்பெனி ரெக்கார்டு. வெளியாளுக்குக் குடுக்கறதில்லை. யாரு எப்போ வராங்க, எப்போ போறாங்கன்னு இனிமே போன்லயும் சொல்ல மாட்டோம்."

இரண்டு வருடத்துக்கு முன்னால் முதல் போனிலேயே சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை. அவன் கத்தவில்லை. டைரியை மூடி மெதுவாகப் பையில் வைத்தான். "மேடத்துக்கு அஞ்சே முக்கால் பொன்னேரி பஸ்ஸுதானே? ஜன்னலோரம் உக்காருவீங்க" என்றான். கும்பிட்டுவிட்டுப் போனான்.

அன்று முதல் நான் ஜன்னலோரம் உட்காரவில்லை. பல மாதம் இரண்டு பத்துக்குப் போன் வந்தது. எடுத்தால் பேச்சு இல்லை, மூச்சுச் சத்தம் மட்டும். "இங்கே யார் விவரமும் போனில் சொல்வதில்லை" என்று சொல்லி வைத்துவிடுவேன். போலீஸில் புகார் பதிவாகி, வழக்கு நடந்தது. ஒருநாள் போன் வருவது நின்றது. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

யார் விவரமும் போனில் சொல்லக் கூடாது என்று உங்கள் மேஜைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் அந்த விதியை எழுதியது நான்தான். வீட்டிலிருந்து அக்கறையாகக் கேட்கிறவர்களிடம்கூடச் சொல்லக் கூடாதா என்று முணுமுணுக்கிறீர்களாம், காதில் விழுந்தது. சொல்லிப் பாருங்கள்: "தகவல் தரமாட்டோம் சார், அவங்க வந்ததும் உங்களைக் கூப்பிடச் சொல்றோம்." அக்கறை உள்ளவர் சரி என்று வைத்துவிடுவார். மறுபடி மறுபடி கேட்கிறவரை, தேனாகப் பேசினாலும், குறித்து வையுங்கள். உங்களிடம் ஒரு பெண் சின்னதாக ஏதாவது கேட்டால், அதுவும் காரணம் சொல்லாமல் கேட்டால், கிண்டல் செய்யாதீர்கள். தனியாகக் கூப்பிட்டு, "நான் என்ன செய்யணும், சொல்லும்மா" என்று மட்டும் கேளுங்கள். வாசிப்பு வட்டத்தில் பேசும்போது, அவள் ஏன் போகவில்லை என்ற கேள்வியை விடுங்கள். போகிறவளை யார் காட்டிக்கொடுத்தார் என்று பேசுங்கள்.

கௌசல்யா திரும்ப வேலைக்கு வரவில்லை. இரண்டு மாதம் கழித்து அவள் ராஜினாமா கடிதத்தைச் செல்விதான் கொண்டுவந்தாள். முகவரி இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் எழுதவில்லை.

"எங்க கீறாம்மா? நான் ஒரு வாட்டி பாத்து மன்னிப்புக் கேக்கணும்" என்றேன்.

செல்வி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா. யார்கிட்ட வேணா சொல்லு, டைம் ஆபீஸ் அக்காகிட்ட மட்டும் சொல்லாதன்னு சொல்லிக்கீறா."

"குழந்தை?"

"ஸ்கூலுக்குப் போவுதுக்கா."

கடிதத்தை வாங்கி, முகவரியை அப்படியே வெறுமையாக விட்டு, ஃபைலில் வைத்தேன். அதற்குப் பிறகு நான் கேட்கவே இல்லை.